படச்சீட்டு

மான் படத்தைக் காட்டினேன்.
"பஸ்" என்றார் அருளப்பு.
பிழை.

ஆவி பறக்கும் கேத்தல்.
நெடுநேரம் உதட்டைக் கடித்திருந்துவிட்டு
"ஏழு."
பிழை.

ஸ்கேனில் இடப்பக்கம்
புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்பு.
பெயர்களெல்லாம் அங்கேதான் இருந்தனவாம்,
லாச்சிக்குள் சாவி கிடந்ததுபோல.
டொக்டர் சொன்னார்.

ஐந்து மணி, திருகோணமலை பஸ் நிலையம்.
மூதூர் பஸ் இன்னும் வரவில்லை.
யாரோ கசக்கி எறிந்த டிக்கெட்டை
மென்றுகொண்டு நிற்கின்றன
இரண்டு புள்ளிமான்கள்.

கொழும்பில் அச்சடித்த சீட்டில்
மானுக்குப் பின்னால் காடு.

கன்னியாவில்
வெந்நீர்க் கிணறுகள் எத்தனை?
விரல்விட்டு எண்ணிப்போய்
ஏழில் நின்றேன்.
பஸ் வந்ததும் போனதும் தெரியாது.

பையிலிருந்த தாளை எடுத்து
இரண்டு பிழைகளையும் அழித்தேன்.
சரி போடவும் கை வரவில்லை.

நாளைக்குக் கத்தரிக்கோல் படம்.
எந்த ஒழுங்கையால்
வந்துசேர்வாரோ.