குரூவி

பீடோர் டயர் கடையில்
நட்டெல்லாம் கழற்றியாயிற்று.
சும்மா இருக்கிற சாவியால்
வெறும் ரிம்மைத் தட்டிக்கொண்டிருந்தாள் யோகேஸ்வரி.

செம்பனை லோரிக்காரர் ஆ கியோங்
தேத்தாரேவைக் கீழே வைத்தார்:
"வெரி குரூவி லா!"

குருவியா?
அண்ணாந்து பார்த்தேன்.
தகரக் கூரையில் ஒட்டடைதான்.

பில் எழுதும் தனசீலன்
கைப்பேசியில் தேடினான்.
குரூவ் என்றால் பள்ளமாம், நீளமாய்த் தோண்டின கோடாம்.
"உன் தாளம் பள்ளத்துல விழுந்துருச்சாம்."

சாவி நின்றது.

பழைய டயரின் மொட்டை முதுகைத் தடவினாள்.
பிறகு புதுசின் வரிகளுக்குள் விரலை விட்டாள்.
"பள்ளம் இருந்தாத்தான்டா ரோட்டப் பிடிக்கும்,
மழையில."

மில் சங்குக்கு அந்தச் சொல் செல்லாது.
கோயில் மணிக்கும்தான்.
அவை நேரத்துக்கு அடிக்கும், அவ்வளவே.
இவள் மூன்றைத் தட்டி
நாலாவதை
ஒரு மயிரிழை
காக்க வைக்கிறாள்.
அந்த இடைவெளியில் என் கழுத்து
என்னைக் கேட்காமல் ஆடுகிறது.

மேசைக்கடியில்
ஆ கியோங்கின் ஜப்பான் சிலிப்பரும்.

இன்னும் இரண்டு சக்கரம் பாக்கி.
தேத்தாரே ஆறி ஆடை கட்டிவிட்டது.
எப்போதும் அவசரப்படுத்துகிற மனுஷன்
இன்றைக்கு வாயே திறக்கவில்லை.