வலப்பக்கச் சிக்னல்

களுதாவளையில் போட்ட சிக்னல்
செட்டிபாளையம் தாண்டியும் அணையவில்லை.
வலப்பக்கம் வலப்பக்கம் வலப்பக்கம் என்று
கண்ணடித்துக்கொண்டே போகிறது
எனக்கு முன்னால் ஒரு சாம்பல் நிற அல்ட்டோ.
வலப்பக்கம் கடல்தான் கிடக்கிறது.
கிறுகன் பார்ப்போம், அறுவான்,
கடலுக்குள்ளேயே கிறுகு.

இருபத்தெட்டு.
என் ஸ்கூட்டி முள் இருபத்தெட்டில் நடுங்குகிறது.
வெட்டித்தள்ளி முன்னுக்குப் போகலாமென்றால்
எதிரே வரிசையாக மணல் டிப்பர்கள்,
ஈரம் சொட்டச் சொட்ட.
ஒவ்வொன்றும் ஒரு கை மண்ணை
என் ஹெல்மெட் கண்ணாடியில் எறிந்துவிட்டுப் போகிறது.

ஏழரைக்குக் கல்லடியில்
அருந்தவராசா சேர் அடிமட்டத்தை எடுப்பார்.
வரவு இடாப்பில் சிவப்புக் கோடு.
கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவர்கள் மனிதர்கள்.
கீழே வைப்பவர்கள்
அரை நாள் லீவைப் பறிகொடுத்தவர்கள்.

குருக்கள்மடத்தில் அல்ட்டோ நின்றேவிட்டது.
நடு றோட்டில்.
எதிரே வந்த ஆட்டோவும் நின்றது.
கண்ணாடி இறங்கியது.
"மறுகா? கலியாணம் எப்பயாம்?"
அவன் சொல்கிறான், இவன் சிரிக்கிறான்,
பின்னால் ஒரு பஸ், இரண்டு பட்டா,
தயிர்ச்சட்டி கட்டிய சைக்கிள், நான்.
கோன் அடித்தேன்.
கையை வெளியே நீட்டி
குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல
காற்றைத் தட்டினான்.
பொறு, பொறு.

அந்தக் கையை நான் மறக்கமாட்டேன்.
கறுப்பு நூல் கட்டிய கை.

கிரான்குளத்தில் நெல் மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டர்.
தாழங்குடாவில் கதைத்துக்கொண்டே
சோடியாய்ப் போன இரண்டு மோட்டர்சைக்கிள்,
நடுவிலே ஒரு ஆள் புகுமளவு சிநேகம்.
ஆரையம்பதியில் மாடு.
மாட்டை நான் குறை சொல்லவில்லை,
அதற்கு லைசன் யாரும் கொடுக்கவில்லை.

காத்தான்குடியில் றோட்டு விரிந்தது.
நடுவே ஈச்ச மரங்கள், இரு பக்கமும் இடம்.
இனிப் போகலாம் என்று முறுக்கினால்
அல்ட்டோ வலப்பக்க ஓரத்தை எடுத்துக்கொண்டது,
அப்பன் முதுசம்போல.
இடப்பக்கத்தால் புகுந்து
அவனுக்குச் சரியாக வந்ததும்
ஆயிரம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்த வாயால்
ஒரு சொல் சொன்னேன்.
இங்கே எழுதமாட்டேன்.
கேட்டிருக்காது. பாட்டுப் போட்டிருந்தான்.

ஏழு முப்பத்துநாலு.
கோடு இன்னும் காயவில்லை.
அதன் கீழே தனியாக
திருமதி வ. கோகுலரஞ்சன்.

பின்னேரம் அதே றோட்டு.
வெயில் இப்போது வாவிப் பக்கம்.
நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.
தங்கச்சியும் அவள் புருஷனும்
இந்நேரம் என் வீட்டு மேசையில்
காணி உறுதியை விரித்துவைத்திருப்பார்கள்.
பேனையும் அவர்களே கொண்டுவந்திருப்பார்கள்.
என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.
தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பார் இவர்,
சீனி கூடப் போட்டு.

பின்னால் கல்முனை பஸ் கத்துகிறது.
கத்தட்டும்.
இன்னும் கத்துகிறது.
உரசுவதுபோல வந்து, சரிந்து, தாண்டும்போது
மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர் பெடியன்
ஐந்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடி
என் ஸ்கூட்டியைக் காட்டினான்.
"டீச்சர், எங்க கா கிறுகப் போறீங்க?
வாவிக்குள்ளயா?"

குனிந்து பார்த்தேன்.
பச்சை அம்பு மின்னிக்கொண்டிருந்தது.
வலப்பக்கம்.
எந்த ஊரில் போட்டேனோ தெரியாது.
முள் இருபத்தாறில்.

அணைத்தேன்.
அதற்காக
அந்த அல்ட்டோக்காரனை மன்னித்துவிட்டேன் என்று
யாரும் நினைக்கவேண்டாம்.
நாளைக்கும் அவன் வருவான்.
நாளைக்கு நான்
ஆறு மணிக்கே வெளிக்கிடுவேன்.

இன்றைக்கு மட்டும்
களுதாவளை கொஞ்சம் தள்ளி இருந்தால் நல்லது.
ஓரம் எடுத்தேன்.
போகிறவர்கள் போகட்டும்.