இஞ்ச

இந்தக் கோட்டுக்கு முதல்தரம் வருகிற எவருக்கும்
வாசல் கழிந்த மூன்றாம் எட்டில் கால் தவறும்.
தரை அவ்விடத்தில் அரைச்சாண் தாழ்கிறது.
மூக்குக்கண்ணாடி பறிகொடுத்த அப்புக்காத்து உண்டு,
கோவைக் கட்டோடு விழுந்த பொலிஸ்காரர் உண்டு.
மஞ்சள் கோடு அடித்தும் பார்த்தோம்.

வல்லரெத்தினத்துக்குத் தவறவில்லை.
படுவான்கரையிலிருந்து விடியற்காலைப் பாதையில் வந்தவர்,
இரு கண்ணிலும் வெள்ளை படர்ந்தவர்,
பத்தினியம்மை நீட்டிய குடையின் மறுமுனையைப் பிடித்தபடி
சரியாக அந்த எட்டில்
காலைத் தாழ்த்தி வைத்தார்.

கண்டேன். ஒன்றும் நினைக்கவில்லை.

நான் மொழிபெயர்ப்பாளன்.
கூண்டில் சொல்வதைச் சிங்களமாக்கி மேலே கொடுப்பேன்,
மேலே கேட்பதைத் தமிழில் கீழே இறக்குவேன்.
அழுகையை மாற்றத் தேவையில்லை,
தட்டச்சுக்காரி அதைப் பதிவதுமில்லை.

ஆட்கொணர்வு மனு.
ஆள்: பத்தினியம்மையின் மகன் குகதாசன்,
வயது பத்தொன்பது, தொண்ணூறாம் ஆண்டில்.
கொணர்வு: இதுவரை முப்பத்தொரு தவணை.

"கடைசியாக எங்கே கண்டீர்?"
"காணல்ல ஐயா. கண்ணக் கட்டியெல்லோ வெச்சிருந்த.
இருமினது கேட்ட."
"எங்கே?"
"இஞ்ச."

இந்த ஊரிலா, என்றார் நீதிபதி.
இறக்கினேன்.
இல்லையென்று தலையாட்டினார் வல்லரெத்தினம்.
என் குரல் வந்த பக்கம் கையை நீட்டினார்.
"படியால இறங்கி வலக்கைப் பக்கம் ஏழு எட்டு.
இந்தக் கதைக்கிற தம்பி நிக்கிற இடம்.
அதிலதான் அவனுக்குச் சாக்கு விரிச்சிருந்த.
நெல்லு மணம் போகாத சாக்கு."

நெல் களஞ்சியம், பிறகு முகாம், பிறகு நாங்கள்.
எனக்குத் தெரியும், தேநீர் கொண்டுவரும் பொடியனுக்கும் தெரியும்.
வாசல் கல்லில் மும்மொழியிலும் இருப்பது
திறந்துவைத்த தேதி.

இங்கே என்பதற்குச் சிங்களத்தில் சின்னச் சொல்தான்,
முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும்.
எனக்கு வரவில்லை.
மின்விசிறி சுற்றியது. யாரோ தொண்டையைக் கனைத்தார்.
பிறகு கொடுத்தேன், மேலே,
அந்த ஒரு சொல்லை.

நீதிபதி பேனையை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தார்.
திரும்பத் திறந்தார்.
ஆள் முன்னிலையில் இல்லை எனப் பதிந்து
ஜனவரி பன்னிரண்டுக்குத் தவணை.

எல்லோரும் எழும்பிப் போனார்கள்.
துண்டை வாங்க வந்த பத்தினியம்மை
துண்டைப் பார்க்கவில்லை.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் அரக்கி நில்லுங்க, மகன்."