குலுக்கலுக்கு முன் பத்து நிமிடம்

சங்கச் செயலாளர் வாட்ஸப்பில் எழுதியிருக்கிறார்:
'சிஸ்டர், பரதத்துக்கும் குலுக்கல் பரிசுக்கும் நடுவே
உங்களுக்குப் பத்து நிமிடம்.
கொஞ்சம் சந்தோஷமான தலைப்பாக இருந்தால் நல்லது.'

ஃபஹாஹீலில் இரவு இரண்டு மணி.
ஏசி இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஓர் அழுகை.
பசி அழுகை ஏறும், இறங்கும்.
இது இறங்கவில்லை.
தகரத்தில் ஆணி இழுத்ததுபோல்
ஒரே உயரத்தில் நிற்கிறது.

பிறந்து மூன்று நாள்.
தும்மல். தும்மல். மறுபடியும் தும்மல்.
விரிப்பில் தேய்த்துத் தேய்த்துக்
குதிகால் சிவந்துவிட்டது.
விளக்கைத் தணித்துவிட்டுத் தாளில் மதிப்பெண் போடுகிறேன்,
நடுக்கத்துக்கு, வியர்வைக்கு, வராத தூக்கத்துக்கு.
கூடக் கூடத் தோற்கிற பரீட்சை.

அம்மா பெயர் ஜெனோவா.
மங்காஃபில் அபாயா ஓரம் தைக்கிறாள்,
பன்னிரண்டு மணி நேரம், முதுகில்லாத ஸ்டூலில்.
இடுப்பு வலிக்கு யாரோ தந்த மாத்திரை.
முதலில் ஒன்று.
பிறகு எண்ணவில்லையாம்.

'வயிற்றில் இருப்பது தெரிந்ததும் நிறுத்திப் பார்த்தேன் சிஸ்டர்.
ரெண்டாம் நாள் எலும்புக்குள்ளே எறும்பு.
டாக்டரிடம் சொன்னால் ஊருக்கு ஏற்றிவிடுவார்களோ என்று...'
மீதியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

சொல்லியிருந்தால்
மெல்ல மெல்லக் குறைத்திருப்போம்.
இதை அவளிடம் இன்று சொல்லவில்லை.

பகல் ஷிப்டில் ஒருத்தி 'போதைப் பிள்ளை' என்றாள்.
அதட்டினேன்.
போன வருஷம் வேறொரு தொட்டிலைக் காட்டி
அதே வார்த்தையைச் சொன்னவள் நான்.

அந்த மாத்திரை அட்டைகளை
ஊறுகாய்ப் பாட்டிலோடு துணியில் சுற்றி
ஊரிலிருந்து கொண்டுவந்தவர்
வெள்ளிக்கிழமை இரண்டாம் வரிசையில் இருப்பார்,
குலுக்கல் சீட்டு சட்டைப்பையில்.
நல்ல மனிதர். யாருக்கு வலித்தாலும் கொடுப்பார்.
காசு வாங்கமாட்டார்.

போதை என்று ஆரம்பித்தால் நாற்காலிகள் நகரும்.
நம் ஆட்கள் அப்படியில்லை என்று ஒருவர் எழுந்து சொல்வார்.
கை தட்டுவார்கள்.

பிள்ளையைத் துணியில் இறுக்கிச் சுற்றி
அவள் நெஞ்சில் கிடத்தினேன்.
பாடாதே, ஆட்டாதே,
கண்ணைக்கூட உற்றுப் பார்க்காதே,
மூச்சு மட்டும் விடு.
விட்டாள்.
வெகுநேரம் கழித்து அந்த ஒற்றைச் சுருதி
ஒரு படி
இறங்கியது.

நாலு மணி மதிப்பெண்: இரண்டு குறைவு.
இன்னும் எத்தனை இரவோ.

கை கழுவிவிட்டுச் செயலாளருக்குப் பதில் போட்டேன்:
'தலைப்பு, இடுப்பு வலி.
எல்லாரும் வருவார்கள்.
பத்து நிமிடம் போதாது.'