பதினொன்றரை அடி

சுவரை வெட்டிப் பதித்தால்
இரண்டாயிரத்து நானூறு ரிங்கிட் என்றான் ஆ செங்.
வெளியே ஓட்டினால் அறுநூறு.
நாங்கள் அறுநூறுக்கான ஆட்கள்.

ஆகவே, குளியலறை ஹீட்டரில் கிளம்பி
படுக்கையறைச் சுவருக்கு வந்து
கட்டிலின் தலைமாட்டுக்கு ஒரு சாண் மேலே ஓடி
கதவு நிலையில் முட்டி, மடங்கி
சமையலறைத் தொட்டிக்கு இறங்குகிறது
புத்தம் புதுச் செப்புக் குழாய்.
பதினொன்றரை அடி.
மூன்று முறை அளந்தேன்,
குறையவில்லை.

வீடு பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பார்க்கவில்லை.
ஆப்பரேஷன் தழும்பு மாதிரி இருக்கே, என்றாள் நாத்தனார்.
பக்கத்து வீட்டு காக் ரொஹானா
மூடி வை மூடி வை என்றாள்:
ஐந்தாம் மாடியில் ஏர்கோன் குழாயையே
அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்,
செம்பு விலை அப்படியாம்.

நவநீதன் ஒன்றும் சொல்லவில்லை.
அவனுக்குப் பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
நான் தூங்கும் வீட்டுக்கு வந்து குளிக்கிறான்,
நான் கிளம்பிய வீட்டில் தூங்குகிறான்.
பேச்செல்லாம் ஃபிரிட்ஜ் கதவில்,
மஞ்சள் தாளில்.
எழுதி ஒட்டினேன்:
குழாய்க்குப் பலகைப் பெட்டி அடிக்கலாமா, பெயிண்ட்டா?
பதில் வந்தது:
மீன் குழம்பில் உப்பு கம்மி.

ஜெலுத்தோங் சாலைக் கடையில் கூ சொன்னார்,
வெறும் செம்பில் பூசினால் பாம்புச் சட்டையாய் உரியும்.
உப்புத்தாளால் தேய், ஸ்பிரிட் போட்டுத் துடை,
உலோகத்துக்கு உள்ள முதல் பூச்சை அடி,
அப்புறம்தான் சுவர் நிறம்.
ஒரு நாள் வெந்நீர் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை.
ஜன்னலைத் திறந்தால் வற்றிய கடலின் சேற்று வாசம்.
தேய்க்கத் தேய்க்க
இளஞ்சிவப்பாய் ஓர் உடம்பு வெளியே வந்தது.
அதில் ஆ செங்கின் கட்டைவிரல் ரேகை ஒன்று.
பற்றவைத்த மூட்டில் பச்சைக் களிம்பு.
ஆறே வாரம், அதற்குள்.
செம்புக்குக் களிம்பு கூடப்பிறந்தது என்று
கோயில் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்.
உயிரைப் பற்றிய பேச்சு அது.
நான் பரீட்சைக்காக எழுதினேன்,
ஏழு மார்க்.
இப்போது அவனுடைய பழைய பனியனை நனைத்துத் துடைத்தேன்.
போய்விட்டது.
இப்போதைக்கு.

தேங்காய்ப்பால் வெள்ளை, இரண்டு பூச்சு.
வாசலில் நின்று கண்ணைச் சுருக்கினால்
குழாயே இல்லை.
நாலு மணி வெயிலில் மட்டும் அதன் கீழே
ஒரு நிழல் கோடு.
அதற்குக் கடையில் என்ன நிறம் கேட்பது?

திங்கள் கழிந்து, செவ்வாய் விடிகாலை
எனக்கு விழிப்பே வரவில்லை.
அலாரம் அடித்து எழுந்தபோது
ஈரத் தலையோடு பக்கத்தில் அவன்,
எப்போது வந்தான் தெரியாது.

பல் தேய்க்கும்போதுதான் புரிந்தது.
ஆறு வாரமாய் ஐந்தேகால் மணிக்கு
அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது,
வெந்நீர் ஏற ஏறக் குழாய் நீண்டு
கிளிப்புகளுக்குள் நகரும் சத்தம்.
டிக். கொஞ்சம் விட்டு, டிக். டிக்.
அதைக் கேட்டு நான் சுவர்ப்பக்கம் ஒதுங்குவேன்,
அவனுக்கு இடம்விட்டு.
பல்லி என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

என் பெயிண்ட் காய்ந்து
ஆறு கிளிப்பையும் குழாயோடு ஒட்டிப்போட்டிருந்தது.

அன்றைக்கு வேலைக்குத் தாமதமாய்ப் போனேன்.
அவன் குறட்டைக்கு மேலே கட்டிலில் ஏறி நின்று
பிளேடால் ஒவ்வொரு கிளிப்பையும் சுற்றி
மெல்லக் கீறினேன்.
ஆறு இடத்தில் நூல் கனத்துக்குச் செம்பு எட்டிப் பார்த்தது.

புதன், ஐந்தேகால்.
டிக்.
செப்பு என்று பேர் வைத்தவர்
இதைக் கேட்டுத்தான் வைத்திருப்பார்.
ஒதுங்கிப் படுத்தேன்.

சாயங்காலம் ஃபிரிட்ஜில் மஞ்சள் தாள்:
பெயிண்ட் நல்லாருக்கு.
கிளிப் பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு.

பேனா எடுத்தேன்.
குழம்பில் இன்று உப்பு சரியா, என்று கேட்டு
ஒட்டினேன்.