முப்பத்து மூன்றாவது இழை

தலவாக்கலையில் மழை,
ஒன்பதாவது நாளாக.
மேசைக்கடியில் கிராஃபிக்ஸ் அட்டை
இரண்டு விசிறிகளால் மூச்சுவிடுகிறது.
அது விடும் வெதுவெதுப்பில்
தம்பியின் காலுறைகளைக் காயப்போட்டிருக்கிறேன்.

புறக்கோட்டையில் வாங்கியது.
நாணயம் தோண்டித் தோண்டிக் களைத்த அட்டை என்று
விற்றவனே சொன்னான்,
சொன்னதற்காக மூவாயிரம் குறைத்தான்.
விசிறி ஒன்றில் ஓர் இறக்கை இல்லை.

நிரலைப் பற்றியல்லவா சொல்ல வந்தேன்.
ஆறு வருடமும் நான்கு மாதமும்
ஒருவரும் தொடாமல் கிடந்தது.
கடைசியாகக் கைவைத்தவர் ஒண்ட்ரே,
எந்த ஊரோ.
அவர் விட்டுப்போன குறிப்பு:
‘இப்போதைக்கு இது போதும்.
திங்கட்கிழமை பார்க்கிறேன்.’

எத்தனை திங்கட்கிழமைகள்.
அதற்குள் நாங்கள்
பெற்றோலுக்கு நின்றோம், பால்மாவுக்கு நின்றோம்,
கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்
உருட்டிக்கொண்டே திரும்பி வந்தோம்.

அவருக்கு எழுதினேன். பதிலில்லை.
உரிமத்தை இரண்டு முறை வாசித்தேன்:
எடுத்துக்கொள், மாற்றிக்கொள்,
பெயரை மட்டும் அழிக்காதே.
அழிக்கவில்லை.
அதன் கீழே தமிழில் சேர்த்தேன்:
கு. பத்மரோஜினி, தலவாக்கலை.
கறுப்புத் திரையில் அது
பெட்டி பெட்டியாகத் தெரிந்தது.
இருக்கட்டும், பெட்டிக்குள் இருப்பது நான்தான்.

முதல் மாதம் வெட்டுவதிலேயே போனது.
செத்துப்போன தொகுப்பிகளுக்கு விட்ட கிளைகள்,
இனி எவரும் செய்யாத அட்டைகளுக்கான சமாளிப்புகள்,
பதினோராயிரம் வரி.
வேலை முடிந்து வந்த அம்மா எட்டிப்பார்த்து
‘என்ன, கவ்வாத்தா?’ என்றாள்.
ஆமாம் என்றேன்.
ஆனால் கவ்வாத்து வெட்டிய எந்தச் செடியும்
மறுநாள் காலையில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பிழை காட்டுவதில்லை.

ஒவ்வொன்றாகக் கழிந்தன.
ஒன்று மட்டும் அகப்படவில்லை.

இழைகள் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாக
ஒரே அடியில் நடக்கும் என்று
ஒண்ட்ரே நம்பியிருந்தார்.
அவர் அட்டை அப்படி.
என்னுடையது அறுபத்து நான்கு.
முப்பத்து மூன்றாவது இழைக்கு
கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர்.
போதாததற்கு
‘இப்படி என்றால்’ என்றொரு கிளைக்குள்
ஒரு தடுப்பு: எல்லாரும் வரும் வரை நில்.
பாதிப் பேர் வந்து நின்றார்கள்.
மீதிப் பேருக்கு அந்த வழியே இல்லை.
வந்தவர்கள் நின்றார்கள், நின்றார்கள்.
திரை உறைந்தது.
விசிறி மட்டும் ஓடியது.

மலையில் நிறுவை எவளுக்காகவும் நிற்காது.
பிந்தி வந்தால் அரைப்பேர்,
அதற்கும் ஒரு பேச்சு வாங்க வேண்டும்.
இந்த இயந்திரமோ
வராத ஒருத்திக்காக
உலகம் முடியும்வரை நிற்கத் தயார்.
பிழைதான், தெரியும்.
தெரிந்தும் அன்றிரவு
அதைத் திருத்த மனம் வரவில்லை,
கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று நாற்பதுக்கு கரண்ட் போனது.
எங்கள் அருவியை மடக்கிச் செய்த கரண்ட்,
எங்களுக்கே போனது.
இருட்டில், ஒரு பழைய பில்லின் பின்புறம்
தடுப்பைக் கிளைக்கு வெளியே வரைந்தேன்.
இரண்டே வரி.
அதற்குப் பதினேழு நாள்.

சோதனைகள் பச்சையாக வந்தன.
ஒன்று சிவப்பு,
ஒண்ட்ரே காலத்திலிருந்தே சிவப்பு.
திங்கட்கிழமைக்கு என்று விட்டுவைத்தேன்.

புதிய பதிப்பை வெளியிட்டேன்.
ஒருவரும் கைதட்டவில்லை.
மூன்று நாள் மழை மட்டும் பேசியது.
நான்காம் நாள் விடியற்காலையில்
முகம் தெரியாத யாரோ
எரிச்சலோடு எழுதியிருந்தார்:
‘உங்கள் புதிய பதிப்பு
என் கணினியில் உடைகிறது.
அங்கே யாராவது இருக்கிறீர்களா?’

எழுந்து தேத்தண்ணி வைத்தேன்.
காலுறைகளைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தன.
பிறகு உட்கார்ந்து எழுதினேன்:

‘இருக்கிறேன்.
உங்கள் அட்டை எந்த வகை?’