ஒயில் சொட்டும் இடம்

முதலில் வந்தவன் வெள்ளவத்தையிலிருந்து.
கதவைத் திறக்கவில்லை, பானெட்டைத் தூக்கவில்லை,
புத்தகத்தைக் கேட்டான்.
'ஒன்று ஸ்ரீ' இலக்கமும்
சேஸி நம்பர் பொறித்த தகடும் போதுமாம்,
மிச்சத்தை நானே வைத்துக்கொள்ளலாமாம்.
மிச்சம் என்றால்
ஆயிரத்து முந்நூறு கிலோ லேண்ட் ரோவர்.
பிளேன்டி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.
குடித்துவிட்டுப் போனான்.

இரண்டாமவர் நுவரெலியாவில் ஹோட்டல் கட்டுகிறார்.
வாசலில் நிறுத்தி, பின்பக்கம் மண் நிரப்பி
ஜெரேனியம் வளர்ப்பாராம்.
நல்ல மனுஷன்.
கேட்டதற்கு மேல் ஐம்பதாயிரம் தருகிறேன் என்றார்.
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை,
ஐம்பதாயிரத்தை நினைத்துத்தான்.

மூன்றாவது பதுளைத் தம்பி, ஷஃபான்.
ஜப்பான் எஞ்சின், பெரிய டயர், கூரையில் எட்டு லைட்.
"அங்கிள், சத்தமே வேற மாதிரி இருக்கும்."
இந்தச் சத்தத்துக்கு என்ன குறை என்று
ஸ்டார்ட் செய்து காட்டினேன்.
ஃபோனில் வீடியோ எடுத்தான்.
எஞ்சினை அல்ல, தன்னை.

ஒவ்வொருவர் வருமுன்னும் அதைக் கழுவுவேன்.
மண்ணெண்ணெய்த் துணியால் அடிப்பக்கம் துடைத்து
சொட்டுக்குப் போட்டிருந்த அட்டையை
விறகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன்.
இடது கண்ணில் பனி இறங்கிவிட்டது,
சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் டொக்டர்.
விற்கிற காரணம் அவ்வளவுதான்.
வேறு கதை சொன்னால் நம்பாதீர்கள்.

பெனடிக்டா வந்தது ஒரு புதன்கிழமை, மழையில்,
டயகம பஸ்ஸிலிருந்து இறங்கி.
பால் சேர்க்கிறவள். மேல் டிவிஷனுக்கு லொறி ஏறாது,
த்ரீவீல் பாதியில் நின்றுவிடும்,
நாற்பது லீட்டர் கேனைச் சுமந்து இறக்க ஆள் கிடைப்பதில்லை.
கையில் ஒரு டோர்ச், ஒரு சாக்கு.
சாக்கை விரித்து அடியில் போனாள்.
பத்து நிமிஷம் கால் மட்டும் வெளியே தெரிந்தது.
உள்ளேயிருந்தே கேட்டாள்:
"அட்டை எங்க ஐயா?"
"எந்த அட்டை?"
"ஒயில் சொட்டலன்னா ஒயிலே இல்லன்னு அர்த்தம்.
கழுவாம வச்சிருந்தா நானே பாத்திருப்பேன்."

விறகை விலக்கி எடுத்துக் கொடுத்தேன்,
ரிப்போர்ட்டை நீட்டுகிற பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.
டோர்ச்சடித்து வாசித்தாள்:
கியர்பொக்ஸ் பெரிய வட்டம், பின் டிஃப் சின்னது.
"இது?"
"அது தேத்தண்ணி."

இறக்கத்தில் இரண்டாவது கியர் கழன்று குதிக்கும்.
யாரிடமும் சொல்லவில்லை. இவளிடமும்.
இருபத்திரண்டு வருஷமாக
இடது முழங்காலால் லீவரை அணைத்துக்கொண்டுதான்
இறங்குகிறேன்.
டெவன் வளைவில் அது குதித்தது.
டபுள் கிளட்ச் மிதித்து மறுபடி போட்டாள்,
முழங்காலைச் சாய்த்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
நடுரோட்டில் அருவியைப் படமெடுத்தவர்களுக்கு
ஹோர்ன் அடித்தாள்.

வீட்டுக்கு வந்து சாவியை மேசையில் வைத்தாள்.
"எழுபத்தஞ்சாயிரம் குறைங்க.
கியருக்கு அம்பது.
மறைச்சதுக்கு இருபத்தஞ்சு."

குறைத்தேன்.
பாதி, கூட்டுறவுக் கடன். மீதி மாதாமாதம்.
ஹோட்டல்காரர் சொன்னதோடு வைத்துப் பார்த்தால்
நான் முட்டாள்.
வைத்துப் பார்த்தது என் மனைவி.

அட்டையையும் மடித்து
சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு, விடியமுன், ஃபோன்.
"சிவப்பு லீவர் இறுகிடுச்சி, வரமாட்டேங்குது."
"இழுக்காத. ரிவர்ஸ்ல ஒரு அடி போ. தானா விடும்."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கியர் விழும் சத்தம்,
கேன்கள் ஒன்றையொன்று இடித்தன.
"விட்டுருச்சி" என்றாள்.
ஃபோனை வைக்க மறந்துவிட்டாள்.

முதலாம் கியரில் அது மேலே ஏறுவதைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்,
அவளுடைய ரீலோட் காசு தீரும்வரை.